மாமனாரிடம் சொல்லாமல் விட்ட நிறம்

முப்பது வருஷமாக ஊரார் மூத்திரத்தின் நிறத்தைப் பற்றிப் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. நீர்க்கடுப்பு மாத்திரையை நீட்டும்போதே, "இதைப் போட்டா சிவப்பாப் போகும், பயப்படாதீக" என்று மூன்று தடவை சொல்லுவேன். பிறகு அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுவேன். (பாதிப் பேர் என்னைக் கிறுக்கன் என்றுதான் நினைத்தார்கள்.) இந்தக் கிறுக்குப் பிடித்தது என் மாமனாரால்.

எழுபதுகளின் தொடக்கம். திருச்சுழிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். கல்யாணமாகி இரண்டு மாதம்தான். பருத்தி எடுப்புக்காக என் மனைவி பரளச்சியில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். பங்குனி வெயிலில் பருத்திக் காட்டிலேயே கிடந்த மாமனாருக்கு நீர்க்கடுப்பு வந்து, எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பொட்டலம் கட்டியது நான்.

அது சிறுநீரைச் சிவப்பாக்கும் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால், புது மாப்பிள்ளை மாமனாரிடம் போய் மூத்திரத்தைப் பற்றிப் பேசுவதா? அவர் முன்னால் நான் உட்கார்ந்ததுகூட இல்லை. "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு மாமா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவரும் சுவரைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் மதியம் மச்சினன் சைக்கிளை மிதித்து மூச்சு வாங்க வந்து நின்றான்.

"அத்தான், அப்பாவுக்கு ரத்தம் ரத்தமாப் போகுது! சொந்தக்காரவுகல்லாம் வந்தாச்சு. பால் ஊத்துறாக!"

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய?

போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றி ஒரே அழுகை. வரிசையாக வந்து கடைசிப் பால் என்று ஆளுக்கொரு கரண்டி ஊற்ற, மனிதர் மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார். (கடுப்பு விட்டதும் நல்ல பசி போல.)

"மாத்திரை போட்டீகளா மாமா?"

"போடாம? ரத்தம் நிக்கட்டும்னு ரெண்டு ரெண்டால்ல போட்டேன் மாப்ளே. இன்னும் சிவப்பாத்தான் போகுது!"

வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது. அழுகைச் சத்தத்துக்கு மேல் கத்தினேன். "அது ரத்தமில்ல மாமா, மாத்திரைச் சாயம்! அதைப் போட்டா மூத்திரம் சிவக்கும்!"

அழுகை நின்றது. மாமனார் கரண்டியை ஒதுக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"கூச்சமா இருந்துச்சு மாமா."

"நான் சாகக் கெடக்கேன், ஒங்களுக்குக் கூச்சமா மாப்ளே?"

அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரட்டிப்பாகப் போட்டதற்கு மாமனாருக்குத் திட்டு. வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு எனக்கு அதைவிட இரட்டிப்பு.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் தலைவலி மாத்திரை கொடுத்தால்கூட, "இது என்ன கலரு?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் மனைவி மட்டும் சிரிப்பதில்லை. அன்று பால் கிண்ணத்தோடு அடுத்து ஊற்ற நின்றவள் அவள்.