வேட்டை அனுமதிப் பிரிவில் புதிய இயங்குதளம்

ஒரு காட்டில் வேட்டையாட வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டுக் கொடுக்க ஓர் அலுவலகம், அலுவலகத்தில் ஒரு கணினி, கணினிக்கு முன்னால் தங்கமலர் என்கிற சருகுமான். அதன் வம்சத்திலேயே முதலில் பட்டம் வாங்கியது அதுதான். வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அடுத்த மாதம் பணி நிரந்தரமாக வேண்டும். ஏற்கெனவே ஆகிவிட்டது என்று அதன் அப்பா மூன்று காடுகளில் சொல்லிவிட்டார்.

கணினி மிகப் பழையது. தினமும் காலையில் புலி வீரபத்திரன் வரும், டோக்கன் எடுக்கும், விண்ணப்பம் கொடுக்கும். சீட்டு பாதி அச்சாகும்போது திரை நீலமாகி நின்றுவிடும்.

"நாளைக்கு வாங்க ஐயா" என்று தங்கமலர் சொல்லும்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை தலைமையகம் நாளுக்கு ஒரு கூடை மீன் தரும். புலி அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தங்கமலர் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே, ஒன்பது வருடமாக இப்படித்தான்.

அந்த மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாதக் கடைசிக்குள் புதிய இயங்குதளத்தை நிறுவி அறிக்கை அனுப்ப வேண்டும். நிறுவாத ஊழியருக்குப் பணி நிரந்தரம் கிடையாது.

தலைமை எழுத்தர் ஆமை சபாபதி அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "எல்லாப் பொத்தானும் இடம் மாறிப்போகும்மா. 'அச்சிடு' எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே எனக்கு ஆறு வருஷம் ஆச்சு" என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

மதியம் மேய்வோர் சங்கத் தலைவி முயல் கோமதி வந்தது.

"ஏன்டி, நீயும் தழை மேயறவதானே? புதுசு போட்டா அரை நிமிஷத்துல சீட்டு வந்துடுமாமே. அந்தச் சீட்டுல யார் பேரு இருக்கும்னு யோசிச்சியா?"

"உத்தரவு வந்திருக்கு அக்கா. செய்யாததைச் செஞ்சேன்னு எழுத எனக்கு வராது."

"நல்லது. உன் வேலை நிரந்தரமாயிடும். எங்க உசுருதான் தற்காலிகம்" என்று சொல்லிவிட்டு முயல் போய்விட்டது.

மறுநாள் வரிசை கலைந்த பிறகு புலி ஜன்னல் ஓரமாக வந்து நின்றது.

"பாப்பா, புது மெஷின் வருதாமே?"

"மெஷின் அதேதான் ஐயா. உள்ள இருக்கறதுதான் புதுசு. இனிமே உங்களுக்குத் தாமதமே ஆகாது."

புலி இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தியது. "அதாம்மா கவலை. எனக்கு முழங்கால் மடங்கறதில்ல. இடது பக்கம் பல்லே கிடையாது. சீட்டு கைக்கு வந்தா ஓடணும். ஓடினா நாலு பேரு பார்ப்பாங்க. ஏன் வேட்டைக்குப் போகலன்னு வீட்டுல கேட்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் நின்னுபோச்சுன்னு சொல்லிக் காலத்தை ஓட்டிட்டேன். அதுல மண்ணைப் போட்டுடாதே."

தங்கமலர் மூன்று நாள் யோசித்துப் பார்த்தது. நிறுவினால் முயலிலிருந்து புலிவரை காடே தன்னைத் திட்டும். நிறுவாவிட்டால் வேலை போகும். நிறுவியதாகப் பொய் எழுதலாம் என்று ஒரு முறை பேனாவைத் தொட்டது. உடனே அதை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டது.

கடைசி நாள் வந்தது. ஜன்னலுக்கு வெளியே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, தங்கமலர் குளம்பால் 'நிறுவு' என்பதை அழுத்தியது. திரையில் நிபந்தனைகள் வரிசையாக வந்தன. அடியில் ஒரு சின்னக் கட்டம். பக்கத்தில், 'மேற்கண்ட அனைத்தையும் முழுமையாகப் படித்தேன்' என்று எழுதியிருந்தது.

"டிக் போட்டுடும்மா. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்றது ஆமை, தன் கவலையையே மறந்து.

"நான் இன்னும் படிக்கலையே சார்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தங்கமலர் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியது. மொத்தம் நாலாயிரத்து முந்நூறு பக்கம். அதைப் படித்து முடிக்கும்வரை கணினியில் வேறு எதுவும் செய்ய முடியாது.

அன்று மாலை அறிக்கை போனது: 'நிறுவும் பணி தொடங்கிவிட்டது. நிபந்தனைகள் படிக்கப்பட்டு வருகின்றன.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

தலைமையகத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே அதை யாருமே படித்திருக்கவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்குமோ என்ற பயத்தில் உடனே ஓர் ஆணை பிறந்தது. தங்கமலருக்குப் பணி நிரந்தரம். அது படித்து முடித்துக் கருத்துச் சொல்லும்வரை மற்றக் காடுகளிலும் நிறுவும் வேலையை நிறுத்திவைக்க வேண்டும்.

இப்போதும் புலி தினமும் வருகிறது.

"எத்தனையாம் பக்கம் பாப்பா?"

"இருநூத்திப் பன்னிரண்டு ஐயா. ஒரு சந்தேகம் வந்திருக்கு. திரும்ப முதல்ல இருந்து பார்க்கணும்."

"நல்லாப் பாரும்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று புலி மீன் கூடையைத் தூக்கிக்கொள்ளும்.

நீதி: ஒரு வேலையை நடக்கவிடாமல் நிறுத்துவது சோம்பேறிகளால் ஆகாது, அதற்கு நேர்மையான ஊழியர் ஒருவராவது வேண்டும்.