பொய்க் கம்ப்யூட்டரும் மெய்த் தூக்கமும்

தூங்குவதற்காக ஒரு மனிதர் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பம்ப்காரர் கற்றுக்கொண்டார்.

குடிநீர் நீரேற்று நிலையத்தில் அவருக்கு வேலை. நிரந்தர இரவு ஷிப்ட். வரிசையாக நிற்கும் பம்புகள் வயிற்றுவலி வந்த யானைகள் மாதிரி உறுமிக்கொண்டிருக்கும். இவர் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு, ஊர் முழுக்கத் தூங்குவதற்குக் காவல் இருப்பார். விடிந்ததும் ஊர் எழுந்து குழாயைத் திறக்கும். இவர் வீட்டுக்கு வந்து கண்ணை மூடுவார். மூடுவதோடு சரி. தூங்குவது வேறு விஷயம்.

படுக்கையறையில் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி மனைவியின் எம்பிராய்டரி மிஷின் இருந்தது. அதன் தோளோடு தோளாகக் கம்ப்யூட்டர். ஆஸ்பத்திரிக் கோட்டில் டாக்டர் பெயர், ஹோட்டல் துண்டில் ஹோட்டல் பெயர், பள்ளிச் சட்டையில் முத்திரை. எதுவானாலும் அவள் கம்ப்யூட்டரில் வரைந்து ஒரு பட்டனைத் தட்டினால் போதும், மிஷின் 'டகடகடக' என்று ஆரம்பித்துவிடும். பம்புச் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் வரும். தூங்கினால் வேலை போகும். வீட்டில் தூங்கலாம், தூக்கம் வராது. ஆண்டவன் அவருக்குக் கண்ணையும் இமையையும் தனித்தனி ஆபீசில் இருந்து அனுப்பியிருந்தான்.

"ஏம்மா, அந்த மிஷினை வேற ரூமுக்கு மாத்தக்கூடாதா?"

"எந்த ரூமுக்கு?"

"வேற எதுக்காவது."

"நமக்கு இருக்கிறதே இதுவும் முன் ரூமும்தான். அங்க ஆளுங்க வந்து போறாங்க. மிஷின் மேல தூசி படும்."

"என் மேல சத்தம் படுதே?"

"சத்தம் நிறுத்தினா போயிடும். தூசி உள்ள போனா ரிப்பேர்தான்."

"சரி, அப்ப நிறுத்து."

"ஆர்டர் முடிஞ்சதும் நிறுத்தறேன். படுங்க."

ஆர்டர் முடியவில்லை. அவள் கைராசி அப்படி. ஒரு டாக்டர் கோட்டில் பெயர் தைத்துக் கொடுத்தால் அந்த ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வரை எல்லோருக்கும் பெயர் தேவைப்பட்டது.

அப்போதுதான் பம்ப்காரர் லினக்ஸைக் கண்டுபிடித்தார். அதாவது, ஏற்கெனவே இருந்ததை வேலை நேரத்தில் போனில் படித்தார். அது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு இலவச சிஸ்டம். யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். படிக்கப் படிக்க அவருக்கு உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்ததற்குக் காரணம் விஞ்ஞானம் அல்ல. மனைவியின் எம்பிராய்டரி சாஃப்ட்வேர் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸ் போட்டால் அது திறக்காது. அது திறக்காவிட்டால் மிஷின் ஓடாது. மிஷின் ஓடாவிட்டால்?

தூக்கம்!

நிரந்தரமாக அல்ல. ஒரு மாதம் போதும். 'ஆராய்ச்சி நடக்கிறது' என்று சொல்லிக்கொண்டே ஒரு மாதம் தூங்கிவிட்டு, பிறகு பழையபடி விண்டோஸையே போட்டுவிடுவதாகத் திட்டம். பம்ப்காரர் கெட்டவர் இல்லை. தூக்கம் கெட்டவர்.

"நம்ம கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சும்மா. புது சிஸ்டம் போட்டா குதிரை மாதிரி ஓடும்" என்று ஆரம்பித்தார்.

"என் சாஃப்ட்வேர் ஓடுமா?"

"உன்னோடது என்ன பெரிய விஷயம்? விண்டோஸோடது, ஆப்பிள் மேக்கோடது, எந்த சிஸ்டத்து சாஃப்ட்வேரா இருந்தாலும் ஒரே கம்ப்யூட்டர்ல ஓட வைக்கலாம். உலகம் பூரா இதைப் பத்திதான் பேசிட்டிருக்காங்க."

"பேசிட்டிருக்காங்களா, ஓட்டிட்டிருக்காங்களா?"

"முதல்ல பேச்சு. அப்புறம் ஓட்டம்."

"மேக்கோடதுமா?"

"தாராளமா!"

தூக்கம் கெட்டவன் வாயில் வாக்குறுதி தாராளமாக வரும். அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, போடுங்க" என்றாள்.

பம்ப்காரர் பயந்திருக்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் அவள் எதற்கும் முதல் தடவையிலேயே 'சரி' சொன்னது கிடையாது. தூக்கக் கலக்கத்தில் சந்தோஷப்பட்டுவிட்டார்.

வார விடுமுறையில் லினக்ஸ் ஏறி உட்கார்ந்தது. இங்கேதான் மனசாட்சி என்று ஒன்று குறுக்கே வந்தது. 'திறக்கவில்லை' என்று பொய் சொல்வதைவிட, நிஜமாகவே திறக்கவில்லை என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமே? விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸில் ஓட வைக்க ஒரு இடைத்தரகு சாஃப்ட்வேர் உண்டு. பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு ஓரகத்திகளுக்கு நடுவே அகப்பட்ட மாமியார் மாதிரி, இவள் சொன்னதை அவளுக்கு வேறு பாஷையில் சொல்லும். 'இது எங்கே ஓடப்போகிறது' என்ற நல்ல நம்பிக்கையோடு பம்ப்காரர் அதைப் போட்டுப் பார்த்தார்.

ஓடியது. முதல் தடவையே. நூல் கலர்கள் எல்லாம் பளிச்சென்று வந்து நின்றன.

வாழ்க்கையில் அவர் தொட்ட காரியம் ஒன்றாவது முதல் தடவையில் நடந்திருக்கிறதா? பத்தாவது பரீட்சை நடக்கவில்லை. பதவி உயர்வு நடக்கவில்லை. நடக்கவே கூடாத இந்த ஒன்று மட்டும் நடந்தது. அவசர அவசரமாக அதை மூடினார். திரையில் அதைத் திறப்பதற்கு இருந்த சின்னப் படத்தை அழித்தார். மெனுவில் இருந்தும் பெயர்த்தெடுத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஓடலையா?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் ஆராய்ச்சி தேவைப்படுது."

"பண்ணுங்க."

அன்றைக்குத் தூங்கினார் பாருங்கள், அதுதான் தூக்கம். மிஷினுக்கு உறை போட்டிருந்தது. ஜன்னலில் திரை. அறையில் அவரும் அவர் குறட்டையும் மட்டும். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கண்ணுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த பைகள் காலியாயின. நீரேற்று நிலையத்தில் சூப்பர்வைசர், "என்னய்யா, கல்யாணக் களையா இருக்கே?" என்று கேட்டார்.

ஒருநாள் மாலை வேலைக்குக் கிளம்பும்போது கீழ்வீட்டு பஸ் டிரைவர் மாடிப்படியில் மறித்தார்.

"அண்ணே, ராத்திரியில உங்க வீட்ல என்ன சத்தம்? தகரத்துல மழை பெய்யற மாதிரி?"

"ராத்திரியா? நான்தான் வீட்லயே இருக்கறதில்லையே."

"அதான் கேக்கறேன்."

"பிரிட்ஜ் பழசு" என்று சொல்லிவிட்டுப் பம்ப்காரர் இறங்கிப் போனார். நிம்மதியாக இருக்கும் மனிதனுக்கு எல்லாச் சத்தமும் பிரிட்ஜ்தான்.

அந்த வாரத்தில் மனைவி காபியோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு பெரிய கொட்டாவியை விட்டாள்.

"ஆராய்ச்சி எப்படிப் போகுது?"

"சிக்கலாத்தான் இருக்கு."

"என்னோடது ஓடலைன்னா போகட்டும் விடுங்க. சின்னவளோடது ஓடுதான்னு பாருங்களேன். அவ மேக்ல டீயைக் கொட்டி அது போயே போச்சு. சாஃப்ட்வேர் தனியா பத்திரமா வெச்சிருக்கா. மிஷின் சும்மா கிடக்குது, பாவம்."

சின்னவள் என்பது அவளுடைய தங்கை. அவளும் எம்பிராய்டரிதான். வேறு மிஷின், வேறு சாஃப்ட்வேர்.

பம்ப்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். விண்டோஸ் சாஃப்ட்வேர் ஓடியது ஏதோ விபத்து. மேக்குடையது இந்தக் கிழட்டு டப்பாவில் ஓடுமா? மாட்டவே மாட்டாது. ஆனால் முயற்சி செய்கிற மாதிரி உட்கார்ந்திருந்தால் ஆராய்ச்சிக்கு ஒரு மரியாதை. ஒரு மாதத்தை இரண்டாக நீட்டலாம்.

"கொடுக்கச் சொல்லு, பார்க்கலாம்" என்றார்.

பார்க்க உட்கார்ந்தவர் அதில் விழுந்துவிட்டார். மாலையில் எழுந்ததும் அதேதான் வேலை. இடைத்தரகு சாஃப்ட்வேர் இதற்கு உதவவில்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரைக் கட்டி, அதன் காதில் 'நீ ஒரு மேக்' என்று ஓதி, அது நம்பும்வரை விடாமல் ஓத வேண்டியிருந்தது. அது நம்ப மறுத்தது. இவர் கெஞ்சினார். அது கறுத்துப்போய் நின்றது. இவர் வேறு வழியில் வந்தார். அவருக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை; தெரிந்ததெல்லாம் தானாக முட்டி மோதித் தெரிந்துகொண்டதுதான். முட்டுவதற்கு ஒரு சுவர் கிடைத்ததும் எதற்காக வந்தோம் என்பதை மறந்துபோனார். சாப்பாடு ஆறியது. வேலைக்குத் தாமதமானது. கனவில்கூட நூல்கண்டுகள் உருண்டன.

ஒரு சாயங்காலம் அது திறந்தது.

ஜன்னலுக்குள் ஜன்னலாக, லினக்ஸின் வயிற்றில் மேக். மேக்கின் மடியில் சின்னவளின் சாஃப்ட்வேர். ஒரு ரோஜாப்பூ அரைகுறையாகத் தைத்த நிலையில் நின்றது.

"ஓடிடுச்சு! ஏம்மா! இங்க வா! ஓடிடுச்சு!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். குனிந்து ரோஜாப்பூவைப் பார்த்தாள். போனை எடுத்தாள்.

"சின்னவளே, மாமா ஓட வெச்சிட்டாரு. ஆமாண்டி. வேன்காரர்கிட்ட சொல்லிடு, காலையில வரட்டும்."

பம்ப்காரரின் சந்தோஷம் பாதியில் நின்றது. "வேன் எதுக்கு?"

"மிஷின் வர்றதுக்கு."

"எந்த மிஷின்?"

"அவ மிஷின்தான். கம்ப்யூட்டர் இங்கதானே இருக்குது? கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துலதானே மிஷின் இருக்கணும்?"

"இரு, இரு. உன்னோட சாஃப்ட்வேரே இன்னும் ஓடலையே?"

அவள் அவரை நகரச் சொல்லி, விசைப்பலகையில் ஏதோ தட்டினாள். நூல் கலர்கள் பளிச்சென்று வந்து நின்றன.

"இது... இதை எப்பக் கண்டுபிடிச்ச?"

"நீங்க மறைச்ச அன்னிக்கே."

"எப்படி? நான்தான் எல்லா இடத்துல இருந்தும் எடுத்துட்டேனே!"

"பேரை அடிச்சுத் தேடினேன். வந்துச்சு."

பம்ப்காரர் நாற்காலியில் சாய்ந்தார். அதை மறைப்பதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. "அப்பவே ஏன் கேக்கலை?"

"கேட்டிருந்தா ஆராய்ச்சியை நிறுத்தியிருப்பீங்க. அப்புறம் சின்னவளோடதை யாரு ஓட வைப்பா? அவ பாவம், எத்தனை கடை ஏறி இறங்கினா தெரியுமா? யாராலயும் முடியலை. உங்களாலதான் முடிஞ்சுது."

திட்டு வாங்குகிறோமா, பாராட்டு வாங்குகிறோமா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நீட்டினால் எதை எடுப்பது?

"அப்ப இத்தனை நாளா ஆர்டரெல்லாம்?"

"நீங்க டியூட்டிக்குப் போனதும் தைப்பேன்."

பஸ் டிரைவருக்குப் பெய்த மழை இப்போதுதான் பம்ப்காரர் மேல் விழுந்தது. ஆனாலும் மூழ்குகிறவர் கைக்கு ஒரு துரும்பு கிடைத்துவிட்டது. "அப்படியே தைக்கலாமே! சின்னவளையும் ராத்திரியிலேயே தைக்கச் சொல்லு. நீங்க ராத்திரி, நான் பகல். யாருக்கும் தொந்தரவு இல்லை!"

மனைவி இன்னொரு கொட்டாவியை விட்டாள். பிறகு சொன்னாள்:

"ராத்திரி பூரா தைக்கிறேன். பகல்ல சமைக்கிறேன், துணியை எண்ணி வாங்கறேன், கொடுக்கறேன். நீங்க முழிச்சுக்கக் கூடாதுன்னு பாத்திரத்தைக்கூடப் பூப்போல வைக்கிறேன். நான் எப்பங்க தூங்கறது?"

பம்ப்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். வெகுநாளாகப் பார்க்காத முகம். அவர் கண்ணுக்குக் கீழே காலியான பைகள் இரண்டும் எங்கே போய்விட்டன என்று இப்போது தெரிந்தது. அவள் கண்ணுக்குக் கீழே குடியேறியிருந்தன.

உலகத்தில் இருக்கிற அத்தனை சிஸ்டத்தையும் ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றலாம். அந்தக் கேள்விக்குப் பதில் எதிலும் இல்லை.

மறுநாள் காலை அவர் வேலையில் இருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது கீழே வேன் வந்து நின்றிருந்தது. சின்னவள் படுக்கையறை வாசலில் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா! உங்களை மாதிரி ஒரு மூளை எங்க குடும்பத்துலயே கிடையாது. கொஞ்சம் கட்டிலோட அந்தப் பக்கம் பிடிங்க."

"கட்டிலையா?"

"ரெண்டு மிஷின் வெச்சா கட்டிலுக்கு இடமில்லை மாமா."

தன் கட்டிலைத் தானே தூக்கிக்கொண்டு பம்ப்காரர் பின்பக்கமாக நடந்தார். முன் அறையில், வாசலுக்கு நேரே, சுவரோரமாக அது இறங்கியது. மனைவி புது விரிப்பு போட்டாள். தலையணையைத் தட்டி வைத்தாள். "படுங்க. களைச்சுப்போய் வந்திருக்கீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே ஒன்று டகடகத்தது. அதற்குப் பதில் சொல்வது போல இன்னொன்று டகடகத்தது. பம்ப்காரர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். உடம்பில் இருந்த அசதிக்கு இரண்டு மிஷின் என்ன, இரண்டு ரயில் ஓடினாலும் தூங்கிவிடலாம் போலத்தான் இருந்தது. கண் சொருகியது. உலகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகப் போனது.

வாசல் கதவு திறந்தது.

"யாருங்க? கோட்டுக்கு வந்தீங்களா?" உள்ளே இருந்து மனைவியின் குரல். "கொஞ்ச நேரம் உட்காருங்க, முடிஞ்சிடும். வர்றவங்க எல்லாம் நின்னுட்டே இருக்காங்களே, உட்கார ஏதாவது போடணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்!"

கட்டில் ஒரு பக்கமாக அமுங்கியது.

"நீங்க எழுந்திருக்காதீங்க சார்" என்றது ஒரு மரியாதையான குரல். "காலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கிட்டீங்கன்னா, பின்னாடி இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க."