டாக்டரை ஜெயித்த மெட்ரிக்

திண்டிவனத்தில் மெட்ரிக்கிடம் கேள்வி கேட்டு ஜெயித்தவர் ஒருவரும் கிடையாது. எங்கள் தெருவில் மெட்ரிகுலேஷன் தேறிய முதல் மனிதர் அவர். ரிடையரான கோர்ட்டு குமாஸ்தா. படிப்பே பெயராகி, சொந்தப் பெயர் தெருவுக்கே மறந்துபோயிருந்தது.

யுத்த காலத்தில் அவருக்கும் மறதி வந்தது. ஆனால் படிப்பு அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. "சாப்டாச்சுங்களா?" என்றால், "எந்த வேளைய கேக்கறே? கேள்விய ஒழுங்கா கேளு!" என்பார். கேட்டவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போவான். குடையை விரித்துக்கொண்டு குளிக்கப் போனார். படித்தவருக்கு ஆயிரம் யோசனை என்று தெருவே சொன்னது.

ஏமாறாதவர் அவர் மனைவி ஆண்டாளம்மா ஒருவர்தான். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். பக்கத்து வீட்டில் குடியிருந்த என்னிடம் வந்தார்.

"தம்பி, வெளியில போனா அவருக்கு வூட்டுக்கு வழி தெரில. எங்கனா தொலைஞ்சி பூடுவாரோன்னு பயமா கீது. டாக்டரு சொன்னா வூட்ல இருப்பாரு. நான் சொன்னா கேப்பாரா?"

மூவரும் விழுப்புரம் போனோம். டாக்டர் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"காலண்டர் இல்லாமலா ஆஸ்பத்திரி நடத்தறீங்க?" என்றார் மெட்ரிக்.

"இந்த அம்மா யாரு?"

"ஒரு லேடிய பக்கத்துல வெச்சிக்கினு இப்படி கேக்கறது மரியாதையா டாக்டர்?"

ஆடிப்போன டாக்டர் ஆண்டாளம்மாவிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, இவர் பேர் என்ன?"

புருஷன் பெயரை வாயால் சொல்வதா! "மயிலத்து மலைமேல நிக்கறாரே, அவரு பேருதாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் மயிலத்தைக் கண்டாரா, முருகனைக் கண்டாரா? "ஐயாவுக்கு ஒண்ணுமில்ல. அம்மாவுக்குத்தான் ஞாபக மறதி" என்று டானிக் எழுதிக்கொடுத்தார். மெட்ரிக்குக்கு ஒரே வருத்தம். "பாவம்ப்பா, நல்ல அம்மா" என்று என் காதில் சொன்னார்.

திரும்பும் வழியில், பெட்ரோல் பஞ்சத்தால் கரி அடுப்பில் ஓடிய எங்கள் பஸ் கூட்டேரிப்பட்டில் மூச்சை விட்டுவிட்டது. அன்று பங்குனி உத்திரம். மயிலம் போகிற காவடிக் கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. டிரைவர் அடுப்பைக் கிளறி முடிப்பதற்குள் மெட்ரிக்கைக் காணோம்.

தேடித் தேடிக் கால் ஓய்ந்தது. ஆண்டாளம்மா அழுதுகொண்டே பஸ் படியில் ஏறி நின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து சொல்லாததைச் சொன்னார்.

"முருகேசாஆ!"

"அரோகரா!" என்றது கூட்டம்.

"முருகேசாஆ!"

"அரோகரா!"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கோர்ட்டு குமாஸ்தா முருகேசாஆ!"

இதற்கு அரோகரா போட ஆளில்லை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வறுக்கிற இடத்தில் ஒரே ஒரு தலை திரும்பியது. கையில் பொட்டலத்தோடு நிதானமாக வந்தார் மெட்ரிக். முகமெல்லாம் சந்தோஷம்.

"பாத்தியாப்பா? டானிக் குடிக்கறதுக்கு முன்னாடியே அந்த அம்மாவுக்கு ஞாபகம் வந்துட்ச்சி!"

ஆண்டாளம்மா அழுகையும் சிரிப்புமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆமாங்க, எனக்குத்தான் மறந்து பூட்ச்சி. கையை வுடாதீங்க, நான் எங்கனா தொலைஞ்சி பூடுவேன்."

எதற்கும் எதிர்க்கேள்வி போடுகிறவர் அன்று ஒன்றும் கேட்கவில்லை. திண்டிவனம் வருகிறவரை கையை விடவுமில்லை.