மாமனார் வருவதற்குள் நெருப்பு

பொத்தானை அமுக்கினால் விசிறி சுற்றியது. மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் துண்டுகள், வீட்டைச் சூடாக்கும் அடுப்பின் கிண்ணத்தில் கலகலவென்று விழுந்தன. நெருப்பு மட்டும் வரவில்லை. 'பற்றவில்லை' என்று திரையில் எழுத்து ஓடியது. அதுதான் தெரிகிறதே என்று மாப்பிள்ளை அடுப்பைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

சாயங்கால ரயிலில் மாமனார் வருகிறார், பனிக்காலம் முடியும்வரை தங்க. அவர் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. உத்தியோகம்தான் போனதே தவிர குணம் போகவில்லை. போன தடவை வந்தபோது ஃபிரிட்ஜைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாக விசாரித்தார். கிளம்பும்போது, "ஒரு ஆணி அடிக்கத் தெரியாத ஆளுக்குப் பொண்ணைக் குடுத்துட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளைக்கு அது இன்னும் ஆறவில்லை. இந்தத் தடவை கதகதவென்று ஒரு வீட்டைக் காட்டி, அந்த வாயிலிருந்து ஒரு 'பரவாயில்லையே'வைப் பிடுங்கிவிட வேண்டும்.

மனைவி, பாவம், கூடவே நின்று யோசனை சொன்னாள். சாம்பல் அடைத்திருக்கும், வேக்குவம் கிளீனரால் இழுத்துவிடுங்கள் என்றாள். இழுத்தார். கிளீனருக்குள் பையை மாட்ட மறந்துபோயிருந்தார். முன்பக்கம் இழுத்த சாம்பல் முழுவதும் பின்பக்கமாக வந்து சோபாவில் படிந்தது.

அடுத்து, ஒரு காகிதத்தைக் கொளுத்திப் போட்டுப் பாருங்களேன் என்றாள். போட்டார். கிண்ணத்தில் குவிந்துகிடந்த துண்டுகள் எரிவேனா என்று அடம்பிடித்துப் புகையைக் கக்கின. கூரையிலிருந்த புகை அலாரம் அலற ஆரம்பித்தது. அதை நிறுத்த நாற்காலியில் ஏறியவர், அலாரத்தோடும் கொஞ்சம் கூரைப் பூச்சோடும் கீழே வந்தார்.

"ஜன்னலைத் திறந்துடலாமா?" என்றாள்.

"குளிருமேடி."

"மூச்சு முட்டிச் சாகறதுக்குக் குளிர் தேவலை."

அவளே ஓடி ஓடி எல்லா ஜன்னலையும் திறந்தாள். புகையே எட்டாத மாமனார் அறையையும் விடவில்லை. பனிக்காற்று உரிமையோடு உள்ளே வந்தது.

அந்த நேரம் பார்த்து மாமனாரும் வந்தார். பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. சாம்பல் பூசிய சோபாவைப் பார்த்தார், பல்லிளித்த கூரையைப் பார்த்தார், கரி அப்பிய மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். குளிரில் மாமனாருக்குப் பல் கிடுகிடுத்தது.

"தெருவே இதைவிடக் கதகதப்பா இருக்கு. நான் பெரிய பொண்ணு வீட்டுக்கே போறேன்" என்றார். வந்த டாக்சி திரும்பிக்கொண்டிருந்தது. கைதட்டி நிறுத்தி, ஏறிப் போயே போய்விட்டார்.

மாப்பிள்ளை சாம்பலிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோம்மா. உங்கப்பாவை ஒரு ராத்திரி வச்சுப் பார்த்துக்க எனக்கு வக்கில்லாம போச்சு."

அவள் நிதானமாக ஜன்னல்களைச் சாத்தினாள். கிண்ணத்தைக் காலி செய்தாள். ஸ்வெட்டர் பையிலிருந்து நெருப்பைப் பற்றவைக்கும் கம்பிக்கான, விரல்நகம் அளவு ஃபியூஸை எடுத்து, அடுப்புக்குப் பின்னால் கையைவிட்டுச் செருகிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் நெருப்பு குப்பென்று பிடித்தது.

மாப்பிள்ளை வாயைப் பிளந்தபடி அவளைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டே சொன்னாள்:

"உங்களுக்கு எங்கப்பாவைக் கல்யாணத்துக்கு அப்புறம்தாங்க தெரியும். எனக்குப் பொறந்ததுலேர்ந்தே தெரியும்."