சங்கத்தின் அதிகாரபூர்வ ட்ரோன்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. அந்த நீண்ட தேக்கத்தை முடித்துவைத்த பெருமை 'ஆம்பூர் வட்டார வான்வழிக் காணொளி ஆர்வலர் சங்க'த்தையே சேரும். பெட்டியைப் பிரித்ததும் பறக்கும் கேமரா ட்ரோன்களில் எது சிறந்தது என்று உலகமே இணையத்தில் அடித்துக்கொண்டிருக்க, இந்தச் சங்கம்தான் பொதுக்குழுவைக் கூட்டித் தீர்ப்புச் சொல்லத் துணிந்தது.

சங்கத்தின் செயலாளர் மதியழகன். ஒரு ஷூ கம்பெனியில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறார். அவருடையது சாதாரணக் கண் அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரித் தோலையும் இங்கே சாயமேற்றிய தோலையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தால் போதும், "சிவப்பு ஒரு நூல் ஜாஸ்தி" என்று மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார். மறுபேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்டவரிடம் சொந்தமாக ஒரு ட்ரோன்கூட இல்லை. வாங்க வக்கில்லை என்றார்கள் சிலர். அவர் அதை 'நடுநிலை' என்றார். ஆனால் ட்ரோன் ஒப்பீட்டு வீடியோ ஏதாவது ஓடினால், இல்லாத ரிமோட்டை அவருடைய கட்டைவிரல்கள் தாமாகவே திருப்பும்.

இந்த ஏக்கம் சங்கத்தின் புரவலரும் தோல் பதனிடும் டேனரியின் முதலாளியுமான வீரபாகுவின் காதுக்கு எட்டியது.

"ஒரு போட்டி வெய்ங்க மதி. எது ஜெயிக்குதோ அதுல ஒண்ணு சங்கத்துக்கு நான் வாங்கித் தர்றேன். செயலாளர்ன்ற முறையில உங்க வீட்லயே இருக்கட்டும்" என்றார்.

அன்று மத்தியானம் மதியழகனுக்குப் பிரியாணி இறங்கவில்லை. சந்தோஷத்தில்.

போட்டி எங்கே என்பதைத் தீர்மானித்தது அவர் மனைவியின் தங்கை அம்சவேணி. மாதனூர் பக்கம் பாலாற்றங்கரையில் அவளுக்குத் தென்னந்தோப்பும் ஒரு கிணறும் இருந்தன.

"மாமா, கெணத்துத் தண்ணி கலரே மாறிப்போச்சு. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது. ஆபீசருங்களக் கேட்டா, கழிவு எங்கேருந்து வருதுன்னு காட்டும்மான்றாங்க. ஆறு பூரா முள்ளு மண்டிக் கெடக்கு, உள்ள பூந்து இன்னாத்தக் காட்றது? நீங்க மேலேருந்து ஒரு வீடியோ எடுத்துக் குடுங்க."

"இவ்ளோதானா? போட்டியவே அங்க வெச்சுர்றேன். ஒண்ணுக்கு மூணு வீடியோவாத் தர்றேன்" என்று வாக்குக் கொடுத்தார் மதியழகன். கொடுக்கும்போது மனசாரத்தான் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்று மணலில் ஷாமியானா எழுந்தது. குத்துவிளக்கு காற்றில் நிற்காததால், செல்போன் டார்ச்சை 'ஏற்றி' விழாவைத் தொடங்கிவைத்தார் வீரபாகு.

முதலில் வேலூர் ஹேமந்தின் ட்ரோன். மேலே போனது, ஆந்திரா பக்கம் திரும்பியது, திரும்பி வரவேயில்லை. 'தொலைதூரத் திறன்' பிரிவில் அதற்கு மறைவுக்குப் பிந்தைய சிறப்புப் பரிசு அறிவிக்கப்பட்டது. அனைவரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தினார்கள்.

அடுத்தது ஆம்பூரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆமிரின் ட்ரோன். அது ஆணியடித்த மாதிரி வானத்தில் நின்று கீழே பார்த்தது. ஷாமியானாவில் வைத்திருந்த பெரிய திரையில் ஆறு விரிந்தது. முள்புதர், புதருக்குப் பின்னால் ஒரு பைப்பு, பைப்பிலிருந்து ஓர் ஓடை.

"இன்னாப்பா, ஆத்துல டீ ஓடுது?" என்றார் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் முத்துக்குமார்.

மதியழகனுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. டீ அல்ல. செர்ரி பிரவுன். இந்த சீசன் ஷூத் தோல் ஆர்டர். போன வாரம் வீரபாகுவின் டேனரிக்கே போய் அவர் ஓகே செய்துவிட்டு வந்த ஷேட். வேறெந்த டேனரியிலும் அந்தச் சாயம் ஓடவில்லை. திரையில் அது ஒரு நூல் ஜாஸ்தியும் இல்லை, கம்மியும் இல்லை. ஓடை வளைந்து போய் அம்சவேணியின் தோப்போரம் தேங்கி நிற்பதையும் அந்தக் கேமரா பிசகில்லாமல் காட்டியது. 'கேமரான்னா இதுதான்' என்று அவருடைய கண் மெச்சியது.

மூன்றாவது, முத்துக்குமாரின் ட்ரோன். அதில் 'தானியங்கி அழகூட்டல்' வசதி உண்டு. அதே இடம், அதே உயரம். ஆறு பற்பசை விளம்பரம்போல நீலமாகப் பளபளத்தது. முள்புதர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமாகிவிட்டது. பைப்பு அந்தப் பசுமையில் கரைந்து மோட்சமடைந்திருந்தது.

"மதி, ஊருக்கே உங்க கண்ணுதான் அளவு. எது கரெக்ட் கலருன்னு நீங்களே சொல்லுங்க" என்றார் வீரபாகு, சிரித்த முகம் மாறாமல்.

மதியழகன் எழுந்தார். மைக்கைத் தட்டினார். தொண்டையைச் செருமினார். கட்டைவிரல்கள் மெல்ல அசைந்தன.

"ஆமிர் ட்ரோன்ல சின்ன கோளாறு இருக்கு. பிரவுன ஜாஸ்தியா இழுக்குது."

ஆமிர் துள்ளி எழுந்தான். "இன்னாண்ணே பேசுறீங்க? பந்தல வுட்டு நாலு எட்டு வெளிய வாங்க, ஆத்த நேர்லயே பாத்துரலாம்!"

"நேரில் பார்ப்பது போட்டி விதிகளில் இல்லை" என்று தீர்ப்பளித்தார் செயலாளர். பலத்த கைதட்டல்.

முத்துக்குமாருடையது சங்கத்தின் அதிகாரபூர்வ ட்ரோன் ஆனது. 'வண்ண மிகையுணர்ச்சி' காரணமாக ஆமிரின் ட்ரோன் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. கோளாறான வீடியோ வெளியே போனால் சங்கத்தின் மானம் போய்விடும் என்பதால், அவனுடைய மெமரி கார்டு பிடுங்கப்பட்டது. மன்னிக்கவும், 'சங்கத்தின் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டது'. ஆமிர் மதியழகனைப் பார்த்தான். மதியழகன் வானத்தைப் பார்த்தார். வான்வழி ஆர்வலர் என்றால் அப்படித்தான்.

பரிசு ட்ரோன் மதியழகன் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்த அன்றே அம்சவேணியும் வந்துவிட்டாள். அவர் டிவியில் முத்துக்குமார் எடுத்த வீடியோவைப் போட்டார். பின்னணியில் புல்லாங்குழல்கூட இருந்தது.

"இது எந்த ஊரு ஆறு மாமா?"

"நம்ம பாலாறுதாம்மா."

"எங்க கெணறு பக்கமா?"

"ஆமா. மேலேருந்து பாத்தா அழகா இருக்குல்ல?"

"பைப்பு எதுவும் தெரிலியா?"

"கேமராவுக்குத் தெரில" என்றார் அவர், கேமராவின் சார்பில்.

அம்சவேணி ட்ரோன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அப்ப இத ஒரு நாளைக்குக் குடுங்க. கெணத்துல எறக்கி வுடுறேன். இது பாத்தா தண்ணி நல்லாயிடுதில்ல?"

மதியழகன் பாய்ந்து பெட்டியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "ஐயையோ, அந்தத் தண்ணி பட்டா இது அரிச்சுப்போய்டும்மா!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

அம்சவேணி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"பத்திரமா வெச்சுக்குங்க மாமா. இதக் காப்பாத்த ஒரு சங்கமே இருக்கு. எங்க கெணத்துக்கு நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க."