பூஜையில் இருக்கும் ஸ்விட்ச்

மின்சாரத்தை அடக்கியவர்கள் உலகில் பலர். அதற்குப் பக்தி கற்பித்தவர் ஒருவரே: வலியசாலையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பட்டாபி.

"பாதுகாப்புதான் முக்கியம்" என்பார். யாருடைய பாதுகாப்பு என்று கேட்கும் அற்பபுத்தி எனக்கு இருந்ததில்லை.

நான் குடியிருக்கும் மாடியில் ஒரு முரட்டு ஸ்விட்ச் இருந்தது. எங்காவது மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து வீட்டையே இருட்டாக்கிவிடும். குளியலறை ஹீட்டரைப் போட்டால் போதும், விழும். போன அக்டோபரில் எலக்ட்ரீஷியன் சத்தியநேசன் வரவழைக்கப்பட்டார். மூவர் கமிட்டி கூடியது. நான் பார்வையாளர்.

"சாரே, ஸ்விட்சு நல்லதாக்கும். ஹீட்டர்தான் லீக்கு. அத மாத்தணும்."

"லீக்கா? தரையில ஒரு சொட்டு ஜலம் உண்டா ஓய்?"

"ஜலமில்ல சாரே, கரண்டு."

"பதினெட்டு வருஷ ஹீட்டர். வயசுக்காவது மரியாதை வேண்டாமா?"

மரியாதை வென்றது. சத்தியநேசன் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மறுநாள் சரஸ்வதி பூஜை. பட்டாபியே 'குற்றவாளி' ஸ்விட்சைக் கழற்றி, வயர்களைத் 'தற்காலிகமாக' நேரடியாக முறுக்கினார். டெஸ்டர், கட்டிங் பிளேயரோடு ஸ்விட்சும் பூஜைக்குப் போனது. சந்தனம், குங்குமம், ஒரு செம்பருத்தி.

விஜயதசமியன்று டெஸ்டரும் பிளேயரும் பணிக்குத் திரும்பின. ஸ்விட்ச் திரும்பவில்லை.

"அதை எடுக்கப்படாது. பூஜையில வெச்சதுலேர்ந்து கரண்ட் ஒரு தரம் போச்சோ? உக்காந்த எடத்துலேர்ந்தே என்னமா வேலை செய்யறது பாருங்கோ!"

ஆமோதித்தேன். பிறகு குளியலறைக் குழாய் தொட்டால் லேசாகச் சுண்டியது. அதற்கும் உடனே சட்டம் வந்தது: குளிக்கும்போது ரப்பர் செருப்பு கட்டாயம். வாடகை ஒப்பந்தம், பிரிவு பதினான்கு.

ஞாயிறன்று காலி செய்கிறேன். நேற்று வீடு பார்க்கத் துணிக்கடை ஊழியர் அஜினும் மனைவி அனுஷாவும் வந்தார்கள். அனுஷா குளியலறைக் குழாயைத் தொட்டு, விரல்களை உதறினாள்.

"ஐயோ, கை தரிக்குது கேட்டோ!"

"ஷாக் இல்லேம்மா. எங்காத்து ஜலத்துக்கே ஒரு சுறுசுறுப்பு உண்டு" என்றார் பட்டாபி. "வேணா இவரைக் கேளு. ரெண்டு வருஷமா இருக்கார். ஒரு கம்ப்ளெயின்ட் உண்டா?"

அஜின் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டான். "சொல்லுங்க சேட்டா. ஒப்பு போடட்டா?"

"கம்ப்ளெயின்ட் எதுவும் இல்ல" என்றேன். "ஜூன்ல என் மனைவி ஸ்நேகா இதே குழாயத் திறந்தா. சட்டப்படி செருப்பும் போட்டிருந்தா. விழுந்தவ எழுந்திருக்கல. சார்தான் முதல்ல ஓடிவந்தார். கதவுகிட்ட நின்னு கேட்டார்: 'ஹீட்டருக்கு ஒண்ணும் ஆகலையே?'"

அனுஷா இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகல" என்றேன். "அதே ஹீட்டர்தான் இது."