இத்வால் செய்த எஞ்சின்

கொதிகலன் காணாமல் போய்விட்டது. ஒரு நிமிடத்துக்கு முன்புவரை இடுக்கியின் நுனியில் ஒழுங்காக இருந்தது. இப்போது சமையலறை மேசைமேல், காசு அளவுக்கு, வெள்ளி நிறத்தில் ஒரு குட்டைதான் பளபளத்தது.

இத்வால், உலோகம் பற்றவைக்கும் சூடான சால்டரிங் அயர்னைப் பிடித்தபடி அந்தக் குட்டையையே பார்த்தார். அவர் செய்துகொண்டிருந்தது, கல்குவாரிகளில் குறுகிய தண்டவாளத்தில் பாரம் இழுத்த பழைய ரயில் எஞ்சின் ஒன்றின் குட்டி மாதிரி. மொத்தமே கட்டைவிரல் நீளம். உடம்பு முழுக்க ஈயம் கலந்த மெத்தென்ற உலோகம். லேசான சூட்டுக்கு மேல் தாங்காது என்று, பாகங்களைச் சேர்த்துச் செய்யும் அந்தக் கிட்டோடு வந்த தாளின் முதல் வரியிலேயே போட்டிருந்தது. இத்வால் இரண்டாவது வரியிலிருந்து படித்தவர். மழைநீர்க் குழாயைப் பற்றவைத்த பெரிய அயர்னையே இதற்கும் எடுத்துவந்திருந்தார்.

"ஆகுதா இத்வால்?" மாடியிலிருந்து மனைவி மென்னாவின் குரல்.

"ஆகுது, ஆகுது!"

"கொதிகலன் வச்சாச்சா?"

"வச்சாச்சு. நல்லா... படிஞ்சிருக்கு."

இத்வால் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அன்று மென்னா ஆசையாக வாங்கிக்கொடுத்த கிட் அது. அவர் எஞ்சின் செய்கிறார் என்று ரொட்டிக் கடையிலும் தேவாலயத்திலும் அவள் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அவள் சொன்னதுகூடப் பரவாயில்லை. போன வருடம், ரயில் மாதிரிகள் செய்யும் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் புகைபோக்கியை உருக்கிவிட்டு வந்து நின்றபோது, "உனக்கெல்லாம் ஊசியும் நூலும்தான்யா லாயக்கு" என்று எல்லார் முன்னாலும் கைகொட்டிச் சிரித்தவர் இத்வால்தான். அந்த ஆள் அதற்குப் பிறகு சங்கத்துப் பக்கமே வரவில்லை. இத்தனைக்கும் இத்வால் சங்கத்துக்கு அதுவரை செய்துகொடுத்தது, குட்டித் தண்டவாளத்தின் ஓரம் வைக்கும் பஞ்சு ஆடுகள் மட்டும். அதிலும் ஒன்றுக்கு ஐந்து கால்.

சங்கத்தின் வழக்கம் இதுதான். குளிர்காலத்தில் ஆறு உறுப்பினர்களும் ஒரே வகைக் கிட்டை, இந்த முறை மென்னா வாங்கிய அதே வகையை, எடுத்து அவரவர் வீட்டில் செய்ய வேண்டும். நாட்டின் புனிதரான தாவீதின் திருநாளன்று தேவாலயக் கூடத்தில், 'என் கையால் செய்தது' என்று அட்டை எழுதி வரிசையாக வைக்க வேண்டும். ஒரு முறை ஒருவர் கடையில் வாங்கியதைக் கொண்டுவந்து வைத்து மாட்டிக்கொண்டார். அவர் இன்றைக்கும் முடிவெட்டிக்கொள்ள அடுத்த ஊருக்குத்தான் போகிறார்.

இத்வாலுக்கு அந்த ஆளின் தலைமுடிதான் ஞாபகத்துக்கு வந்தது. மென்னா தோட்டத்துக்குப் போனதும் இணையத்தில் தேடினார். எல்லைக்கு அப்பால், ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊரில் திருமதி ஹாஸ்கெட் என்றொரு அம்மாள், எந்தக் கிட்டையும் செய்து தருவாராம். 'சுத்தமான வேலை. ரகசியம் காக்கப்படும்' என்று போட்டிருந்தது. இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் இத்வால் பணத்தைக் கட்டிவிட்டார்.

பார்சல் வந்த அன்று கதவைத் திறந்தது மென்னா.

"என்ன இது, இவ்வளவு கனமா?"

"பெயின்ட்."

"அந்தக் குட்டி எஞ்சினுக்கா?"

"மூணு பூச்சு அடிக்கணும்ல!"

பிரித்துப் பார்த்த இத்வால் அவசரமாகக் கதவைச் சாத்தினார். எஞ்சின் அவ்வளவு அழகாக இருந்தது. ஊசிமுனை அளவுத் திருகுகள், மயிரிழைபோல ஒரு கைப்பிடிக் கம்பி. ஐந்து கால் ஆட்டைச் செய்த கை இதைச் செய்தது என்றால் நாய்கூட நம்பாது.

ஆகவே கெடுக்கத் தொடங்கினார். கம்பியை லேசாக வளைத்தார். அடுப்புக் கரியை எடுத்துப் புகைபோக்கியில் தேய்த்தார். அதுவும் போதாது என்று அரைக் கோப்பைத் தேநீரைத் தலையோடு ஊற்றிக் காயவைத்தார்.

திங்கட்கிழமை சங்கத்தில் தலைவர் எம்லின் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மேலும் கீழுமாகத் திருப்பினார். மாட்டிக்கொண்டோம் என்று இத்வால் முடிவே செய்துவிட்டார்.

"இதுதான்யா குவாரி எஞ்சின்!" என்றார் தலைவர். "நம்ம அஞ்சு பேர் கொண்டாந்ததும் கடையில வாங்கின பொம்மை மாதிரி இருக்கு. இது உழைச்சு ஓடாத் தேஞ்ச எஞ்சின். இந்தத் துருவை எப்படிய்யா கொண்டாந்தே?"

"தேநீர்தான் தலைவரே."

"தேநீராம்!" செயலாளர் ஹெவின் மலைத்துப்போனார். "அப்ப ஒண்ணு செய்வோம். கண்காட்சியன்னிக்கு யாராவது உக்காந்து சால்டரிங் செஞ்சு காட்டணும்னு ஜனங்க கேக்கறாங்க. இத்வாலே செய்யட்டும்."

"ஐயோ, நானா? தலைவர் இருக்கும்போது..."

"எனக்குக் கண்ணு சரியில்லய்யா," என்றார் தலைவர் அவசரமாக.

"நீங்க செய்யலாமே ஹெவின்?"

"எனக்கு இடுப்பு. உக்காந்தா எந்திரிக்க முடியாது."

மற்ற மூவரும் கிளம்புவதற்காக ஏற்கெனவே கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

திருநாளன்று காலையில் இத்வால் குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு, வலது கையில் மணிக்கட்டுவரை கட்டுப்போட்டுக்கொண்டார். வெளியே வந்தவரை மென்னா பார்த்துவிட்டாள்.

"என்ன ஆச்சு இத்வால்?"

"ஒண்ணுமில்ல. நேத்து அயர்ன் பட்டுடுச்சு. இன்னிக்குச் செஞ்சு காட்டறது கஷ்டம்தான்."

"கல்லாட்டம் நிக்கறியே! வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னியா?" அவள் கண் கலங்கியது. அந்தக் கட்டின்மேல் மெதுவாக ஒரு முத்தம் கொடுத்தாள். அதற்குக் கீழே ஒரு கீறல்கூட இல்லை. உண்மையிலேயே சுட்டிருக்கக் கூடாதா என்று இத்வால் ஏங்கினார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் மென்னா ஆரம்பித்துவிட்டாள். தேநீர் ஊற்றும் பெண்களிடம் சொன்னாள். வாசலில் திருநாளுக்கான மஞ்சள் டாஃபடில் பூ விற்றவளிடம் சொன்னாள். "கை வெந்துபோயும் விடலியே மனுஷன்!" கொஞ்ச நேரத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட இத்வாலின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் அவர் தட்டில் இரண்டு துண்டு பழரொட்டியை அடுக்கிவிட்டுப் போனார்.

தலைவர் ஒலிவாங்கியைத் தட்டினார். "சிறந்த எஞ்சினுக்குக் குடுக்கற சங்கத்துக் கோப்பை இந்த வருஷம் யாருக்குன்னு நான் சொல்லவே வேணாம். தேநீர் முடிஞ்சதும் குடுத்துடலாம்."

எல்லாரும் கைதட்டினார்கள். மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாக மென்னா தட்டினாள்.

இத்வால் ஆறு எஞ்சின்களும் நின்ற நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே 'என் கையால் செய்தது' என்று அவர் எழுதிய அட்டை. அவமானம் காதுமடல்வரை ஏறிச் சுட்டது. ஊரை ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இல்லாத புண்ணுக்கு முத்தம் கொடுத்தவளை ஏமாற்றியதைத்தான் தாங்க முடியவில்லை. விரட்டி விட்டோமே, அந்தப் புகைபோக்கிக்காரர் முகமும் கண்முன் வந்தது. கோப்பையைத் தொடுவதற்கு முன்னால் மென்னாவைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்தார்.

"இத்வால்!" கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து மென்னாவே கத்தினாள். பக்கத்தில், மழைக்கோட்டுப் போட்ட உயரமான ஓர் அம்மாள். "இவங்க திருமதி ஹாஸ்கெட்! ஆஸ்வெஸ்ட்ரியிலேர்ந்து வந்திருக்காங்க! எஞ்சின் செய்யறதுதான் இவங்க தொழிலாம்! உன்னோடதைக் காட்டறதுக்குக் கூட்டிட்டு வரேன், அங்கேயே இரு!"

இத்வால் சுற்றிலும் பார்த்தார். மேசை விரிப்பு தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டார்.

தலை எதிலோ மோதியது. இருட்டு பழகியதும் பார்த்தால், தலைவர் எம்லினின் தோள். தலைவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, சட்டையில் குத்திய பூ நசுங்க, கோப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

இத்வால் தலையைத் தடவிக்கொண்டார். ஒளிந்த இடத்திலும் தலைவரா!

"தலைவரே, என்னை மன்னிச்சிடுங்க," என்றார். "அந்த எஞ்சினை நான் செய்யல. வெளியே வராங்களே, அந்தம்மாகிட்ட காசு குடுத்து வாங்கினது. கையில காயமும் இல்ல. என்னைச் சங்கத்தை விட்டுத் தூக்கிடுங்க. மென்னாகிட்ட மட்டும் நானே சொல்லிக்கறேன், அதுக்கு மட்டும்..."

தலைவர் சட்டென்று அவர் வாயைப் பொத்தினார்.

"மெதுவாய்யா, அந்தம்மா காதுல விழப்போகுது, என்னையும் அவங்களுக்குத் தெரியும்! கொஞ்சம் தள்ளி உக்காரு, ஹெவினும் உள்ள வர்றாரு."